டபுள் தையல் அக்காவின் மரமேறும் சாமான்கள்

டபுள் தையல் அக்காவை எந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உடனே உட்கார்ந்துவிட மாட்டார். முதலில் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பிறகு மெத்தை ஓரத்தில் விரலை விட்டு ஒரு இழு இழுப்பார். தையல் விட்டுக்கொடுத்தால் "ம்ஹும்" என்று ஒரு சத்தம் வரும். ஒரு தடவை பல்வலியில் கன்னம் வீங்கிப்போய் பல் டாக்டரிடம் போனார். டாக்டர் ஊசியோடு உள்ளே வந்தபோது நோயாளியைக் காணோம். சாய்வு நாற்காலிக்குக் கீழேயிருந்து, "யாருங்க தைச்சது இதை? ஒத்தைத் தையல் போட்டு உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான்" என்று குரல் மட்டும் வந்தது. பல்லைப் பிடுங்கிய டாக்டர், மறுவாரமே அந்த நாற்காலியை அக்காவின் கடைக்கு அனுப்பிவைத்தார்.

கடை என்றால் தகரக் கூரை போட்ட ஒரே ஒரு நீள அறை. அங்கே கார் சீட், பஸ் சீட், வேன் சீட் எல்லாம் தோல் உரிந்து வந்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு போகும். இரண்டு தையல் மெஷின்கள். ஒன்று சாதாரணமானது. இன்னொன்று நாலு மடிப்பு ரெக்ஸினையும் ஒரே மூச்சில் குத்துகிற பெரியது. அதற்கு அக்கா வைத்த பெயர் யானை. அறையின் நட்டநடுவில் இரும்பு உத்தரத்திலிருந்து ஒரு கனத்த கொக்கி தொங்கியது. அதில் ஒரு பலகை. சிவப்புப் பெயின்ட்டில் அக்கா தன் கைப்படவே எழுதியது: "இங்கு சீட் பெல்ட் தைத்துத் தரப்படமாட்டாது."

அந்தப் பலகைக்காக அக்கா சண்டை போடாத வேன்காரர் இல்லை. "கிழிஞ்சது ரெண்டு விரக்கடைதான்க்கா, ஒரு தையல் போட்டா முடிஞ்சது" என்று பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சீட்டு பிஞ்சா உன் பேன்ட் கிழியும். பெல்ட்டு பிஞ்சா நீயே கிழிஞ்சுடுவ. போய் புதுசு வாங்கு" என்று அக்கா விரட்டிவிடுவார். இருபத்து நாலு வருஷத்தில் ஒரு ஆளுக்குக்கூட அவர் பெல்ட்டில் ஊசி போட்டதில்லை.

இருபத்து நாலு வருஷம் குனிந்து தைத்ததில் அக்காவுக்கு மிச்சமானது முதுகுவலி. ஆறு வருஷமாகக் காலி செய்யாத குடித்தனக்காரர் மாதிரி அது கீழ்முதுகில் உட்கார்ந்திருந்தது. தைலம் தேய்த்தாயிற்று, இடுப்பில் பெல்ட் கட்டியாயிற்று, தரையில் படுத்தாயிற்று. "உட்காராம செய்யுற மாதிரி ஏதாவது உடற்பயிற்சி பண்ணுங்க" என்றார் டாக்டர்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு அது போதும். அவர் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். மாணவர்கள் முன்னால் மாஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பிரேக் மாஸ்டர் என்பார்கள். இருபது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்து மிதித்து, அவருடைய வலது கால் தனக்கென்று ஒரு புத்தி வைத்துக்கொண்டது. சமையலறையில் பால் பொங்கினால் அந்தக் கால் மிதிக்கும். டிவியில் யாராவது மாடிப்படியில் தடுக்கினால் மிதிக்கும். அப்படிப்பட்டவர் அக்காவை நடைப்பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டி சிக்னல் காட்டினார். நாய் குறுக்கே வந்தால் அக்காவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். மூன்றாம் நாள் அக்கா, "உங்களோட நடக்குறதுக்கு முதுகு வலியே தேவலை" என்று திரும்பி வந்துவிட்டார்.

மரம் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கா வழியாக நூல்கண்டு வாங்கப் போன அக்கா, உள்ளே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தில் ஐந்தாறு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். அது மரமேறப் பழகுகிறவர்களின் குழு. சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு பெண். அக்காவின் வயதில் பாதிதான் இருக்கும். எல்லாரும் மரத்து டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அக்கா போய் மரத்தையா பார்த்தார்? தொங்குகிறவர்களின் இடுப்பில் இருந்த பட்டையின் தையலைப் பார்த்தார்.

"ஏறிப் பார்க்கிறீங்களாக்கா? முதல் மூணு வாரத்துக்கு சாமான் எல்லாம் நாங்களே குடுப்போம்" என்றார் டீச்சர்.

"நானா? மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குதும்மா."

"ஏற வேணாம். சும்மா உட்காருங்க."

அந்த இடுப்புப்பட்டைக்கு ஹார்னஸ் என்று பெயர். இடுப்பிலும் இரண்டு தொடையிலும் மாட்டிக்கொண்டால், அந்தரத்திலேயே நாற்காலி போட்ட மாதிரி உட்காரலாம். அக்கா மாட்டிக்கொண்டார். டீச்சர் சொன்னபடி கயிற்றை இழுத்தார். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியிருப்பார், அவ்வளவுதான். கால் இரண்டும் காற்றில் ஆடின. சட்டென்று அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

டீச்சர் பதறிப்போய், "என்னக்கா, பயமா இருக்கா? இறக்கிடவா?" என்றார்.

"இல்லம்மா. வலிக்கல" என்றார் அக்கா. "ஆறு வருஷத்துல இன்னிக்குத்தாம்மா வலிக்கல."

அன்றிலிருந்து அக்காவுக்கு வாரத்தில் ஒரே கிழமைதான். மூன்றாவது வாரத்தில் இரண்டு ஆள் உயரம் ஏறிவிட்டார். அங்கேதான் வந்தது வினை. நாலாவது வாரத்திலிருந்து அவரவர் சாமானை அவரவரே கொண்டுவர வேண்டும். பெரிய கயிறு மட்டும் குழுவுடையது. ஹார்னஸ், ஹெல்மெட், பூட்டுகிற கொக்கி இரண்டு, கிளைக்கு மேல் நூல்கயிற்றை எறிவதற்கு ஒரு சின்ன எறிமூட்டை, இவ்வளவும் சொந்தமாக வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அடுத்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு பேங்க் மேனேஜர். மூன்று வாரமாக எல்லாச் சாமானையும் புதுசாக வாங்கி, தலை முதல் கால் வரை மாட்டிக்கொண்டு, பளபளவென்று மரத்தடியில் நின்று யாராவது கழன்றுகொள்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் விலை ஜாஸ்தியா இருக்குமேம்மா?" என்றார் அக்கா.

"பார்த்து வாங்கினா அவ்வளவு ஆகாதுக்கா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. பை, கையுறை, எறிமூட்டை, இதுலெல்லாம் எவ்வளவு வேணும்னாலும் மிச்சம் பிடிங்க. உங்க உடம்பைத் தாங்குற சாமான்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க."

அக்கா பலமாகத் தலையை ஆட்டினார். இதே அறிவுரையை எத்தனை வேன்காரர்களுக்குத் தாமே சொல்லியிருக்கிறார்! அதனாலேயே அது காதில் விழுந்த வேகத்தில் வெளியேயும் போய்விட்டது.

பட்டன் டப்பாவில் அக்கா தனியாகச் சேர்த்து வைத்திருந்த பணம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு புருஷனும் பொண்டாட்டியும் கிளம்பினார்கள். முதலில் ஹெல்மெட். "என் பைக் ஹெல்மெட் சும்மாதானே கிடக்கு" என்றார் மாஸ்டர். அக்கா அதை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்க்க முயன்றார். பின்பக்கம் கழுத்தில் இடித்தது. "மரத்தைப் பார்க்கணும்னா நான் மல்லாக்கப் படுக்கணும்ங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அது கழிந்தது.

அடுத்து இரும்புக்கடை. கடைக்காரர் ஒரு டப்பா நிறைய கொக்கிகளைக் கொட்டினார். கேட்ட விலை அக்காவுக்குத் தேனாக இனித்தது.

"தாங்குமா?" என்றார் மாஸ்டர்.

"எதை சார்?"

"இவங்களை."

கடைக்காரர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். அக்கா முறைத்ததில் பார்வையைக் கொக்கிக்கே மாற்றிக்கொண்டு, "தாராளமா தாங்கும்" என்றார்.

மாஸ்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, கொக்கியின் ஓரத்தில் எறும்பு சைஸில் பொறித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆள் ஏறும் வேலைக்கு அல்ல, அப்படின்னு போட்டிருக்கே?"

"அது சும்மா சார். அச்சுல வந்துடுது."

"அப்ப இது எதுக்குத்தான்யா?"

"சாவிக்கொத்து மாட்டலாம் சார்."

சாவிக்கொத்து மாட்ட இவ்வளவு பெரிய சாவி தங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். வேறு வழியில்லாமல், மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடைக்கே போனார்கள். அங்கே நல்ல ஹெல்மெட் ஒன்று, பூட்டுகிற கொக்கி இரண்டு வாங்கியதில் பட்டன் டப்பாவின் அடிப்பக்கம் தெரிந்துவிட்டது. ஹார்னஸ் விலைச்சீட்டைப் பார்த்தபோது அக்காவுக்குத் தலை சுற்றியது. டப்பாவைப் போல மூன்று டப்பா வேண்டும்.

வாங்க முடியாத பொருளை அக்கா வாங்குகிறவரைவிட நன்றாகப் பார்ப்பார். ஹார்னஸைத் திருப்பினார், மடக்கினார், தையலை எண்ணினார், சாண் போட்டு அளந்தார்.

"அளவு எடுக்கிறீங்களா மேடம்?" என்று கடைக்காரப் பெண் சந்தேகமாகக் கேட்டார்.

"இல்லம்மா, ரசிக்கிறேன்."

வெளியே வந்ததும், "இந்தத் தையலுக்கா இவ்வளவு? இதென்ன பெரிய வித்தை? பட்டை மட்டும் கிடைச்சா யானைகிட்ட குடுத்து மூணே நாள்ல முடிச்சுடுவேன்" என்று பொரிந்து தள்ளினார். அக்காவின் முகத்தில் பொங்கியது கோபம் பாதி, ஆசை பாதி. ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தின் முதல் கவட்டை வரை ஏற்றுவார்கள். இடம் போய்விட்டால் மறுபடியும் முதுகும் யானையும் தகரக் கூரையும்தான்.

மாஸ்டர் பாவம், பெண்டாட்டி முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காதவர். "நம்ம ஸ்கூல் பின்பக்கம் பழைய கார் ஒண்ணு நிக்குது. அதுல பெல்ட்டு சும்மாதான் தொங்குது. ஆளைப் பிடிச்சு வைக்கத்தானே செஞ்சிருக்கான்? கார்ல பிடிக்கிறது மரத்துல பிடிக்காதா?" என்றார்.

அக்கா நடுரோட்டில் நின்று அவரைப் பார்த்தார். "உங்களுக்கும் மூளை வேலை செய்யுதுங்க" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாஸ்டர் வாங்கிய முதல் நற்சான்றிதழ் அது. மறுநாளே நாலு பெல்ட்டையும் கழற்றி, சோப்புப் போட்டுத் துவைத்து, இஸ்திரியும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

மூன்று நாள் அக்கா வேறு வேலை தொடவில்லை. வேன்காரர்கள் வந்து வந்து திரும்பினார்கள். டபுள் தையலுக்கு மேல் இன்னொரு டபுள், அதற்கு மேல் குறுக்குத் தையல், தொடைப்பட்டைக்கு உள்ளே மெத்தென்று ஸ்பாஞ்ச். சனிக்கிழமை மதியம் முடிந்தது. அழகென்றால் அழகு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மிஞ்சிய ரெக்ஸினில் எறிமூட்டையும் ஒன்று தைத்து, மணல் நிரப்பி வாயை மூடினார்.

இனி இழுத்துப் பார்க்க வேண்டும். விரலால் இழுக்கிற சாமானா இது? ஆளைத்தான் தொங்கவிட வேண்டும். அக்காவைவிட மாஸ்டர் பதினைந்து கிலோ கூட என்பதால் அந்தப் பெருமை அவருக்குப் போனது. தொங்குவதற்குக் கொக்கி வேண்டுமே? உத்தரத்துக் கொக்கியில் பலகை இருந்தது. அக்கா ஸ்டூலில் ஏறி அந்தப் பலகையைக் கழற்றி, சுவரோரமாகத் திருப்பிச் சாய்த்து வைத்தார். அப்போதாவது ஒரு தடவை வாசித்துப் பார்த்திருக்கலாம். இருபத்து நாலு வருஷமாகப் பார்த்த பலகையை யார்தான் வாசிக்கிறார்கள்!

மாஸ்டர் தொங்கினார். ஸ்டூலை அக்கா இழுத்ததுமே அவருடைய வலது கால் காற்றில் பிரேக்கை மிதித்தது. மிதித்த வேகத்தில் அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றியதில் பயந்து இன்னும் பலமாக மிதித்தார். இன்னொரு சுற்று.

"மிதிக்காதீங்க!"

"நான் எங்க மிதிக்கிறேன்? அதுவா மிதிக்குது!"

அந்த நேரம் பார்த்து டிரைவிங் ஸ்கூல் மாணவி ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கூரையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த மாஸ்டரின் முகம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அவர் பக்கம் வந்து போனது. அந்தப் பெண் கொஞ்சமும் அசராமல், அடுத்த தடவை முகம் வருகிறவரை காத்திருந்து, "சார், திங்கக்கிழமை கிளாஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஏழு..." என்று சொல்லி மாஸ்டர் அந்தப் பக்கம் போனார். "...மணிக்கு" என்று திரும்பி வந்தார்.

ஒரு தையல்கூட அசையவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் டீச்சர் ஒவ்வொருவர் சாமானாக வாங்கிப் பார்த்தார். ஹெல்மெட் சரி. கொக்கி சரி. எறிமூட்டையைக் கையில் எடைபோட்டு, "எங்க வாங்கினீங்கக்கா?" என்றார். நானே தைத்தேன் என்றதும் அசந்துபோனார். அக்கா மெதுவாகப் பையிலிருந்து ஹார்னஸை எடுத்தார். சுற்றி நின்றவர்கள் "அடேயப்பா" என்றார்கள். மேனேஜர்கூடத் தன்னுடையதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தையல் மேல் விரலை ஓட்டினார்.

"இவ்வளவு சுத்தமான தையலை நான் பார்த்ததே இல்லக்கா" என்றார். பிறகு, "ஆனா இதுல நான் உங்களை ஏத்த மாட்டேன்" என்றார்.

அக்காவின் மூக்கு எல்லார் முன்னாலும் உடைந்தது. "ஏன்? என் தையல் விடும்ங்கிறியா? இவரையே தொங்கவிட்டுப் பார்த்தாச்சு!"

"தையலைப் பத்தி நான் பேசலக்கா. இது சீட் பெல்ட். மரத்துல ஏற செஞ்சது இல்ல. அதுல இத்தனை ஊசி வேற இறங்கியிருக்கு. எவ்வளவு தாங்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சும்மா தொங்குறது வேற, கயித்துல சட்டுனு விழுந்து நிக்கிறது வேற. சாமான் சரியில்லன்னா இங்கயே வெட்டிப் போடணும், இல்லன்னா வேற யாராவது மாட்டிக்குவாங்க. அது எங்க வழக்கம்."

வெட்டுவதா! அக்கா ஹார்னஸைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "உன் மரம் எனக்கு வேணாம்மா. என் கடைக்குப் பின்னாடி ஒரு மரம் இருக்கு. என் பட்டையை மாட்டிக்கிட்டு நானே ஏறிக்குவேன். என்னை யாரு கேக்குறது?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்கா சொன்னால் செய்வார். டீச்சருக்கு அது புரிந்தது. மாஸ்டருக்கு இன்னும் நன்றாகவே புரிந்தது.

டீச்சர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சார், இது எந்த வண்டியில இருந்தது? எங்கயாவது மோதின வண்டியா?"

மாஸ்டரின் வலது கால் பூமியை அழுத்தியது.

"ஏன் கேக்குறேன்னா, மோதினப்போ ஒரு தடவை ஆளைப் பிடிச்சு நிறுத்தின பெல்ட்டு அதோட தன் வேலையை முடிச்சுடும். உள்ள நூல் இழுபட்டுப் போயிருக்கும். வெளிய பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அதுக்கப்புறம் எப்ப வேணும்னாலும் விட்டுடும்."

அந்தப் பழைய கார் ஸ்கூலின் பின்சுவரில் மோதிய கதை ஊருக்கே தெரியும். யாரோ ஒரு மாணவன் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டான். அப்படித்தான் மாஸ்டர் இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார். அந்த மாணவனின் முட்டாள்தனத்தைப் புது மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தினார்.

"மோதினதுதான்" என்றார் மாஸ்டர். "பலமா மோதுச்சு. பெல்ட்டு நெஞ்சுல பதிஞ்சு ஒரு வாரம் கன்னிப்போய் இருந்துச்சு."

அக்கா திரும்பினார். "யாருக்குக் கன்னிப்போச்சு?"

"எனக்கு."

"நீங்க பக்கத்து சீட்டுல இருந்தீங்களா?"

"பக்கத்து சீட்டுல யாரும் இல்லம்மா. மாணவனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. நான்தான் ஓட்டினேன்." மாஸ்டர் தரையைப் பார்த்துப் பேசினார். "இருபது வருஷமா பிரேக்கு பிரேக்குன்னு கத்துறவன், பிரேக்குன்னு நினைச்சு மாத்தி மிதிச்சுட்டேன்னு வெளிய எப்படிச் சொல்றது? பெல்ட்டைக் குடுத்தப்போ இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. உன் தையல் விடாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா பெல்ட்டு விட்டுடும்மா. நீ அங்கேருந்து விழுந்தா நான் எந்தப் பிரேக்கை மிதிக்கிறது?"

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு மரத்தைப் பார்த்தார்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, ஒரு கஸ்டமர் இந்த பெல்ட்டைக் கொண்டுவந்து தைச்சுக் குடுங்கன்னா நீங்க தைப்பீங்களா?"

அக்கா பட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிற பலகை அவருக்கு ஞாபகம் வந்தது.

"தைக்க மாட்டேன்" என்றார். "போர்டே வச்சிருக்கேன்மா. அதைக் கழட்டிட்டு அதே கொக்கியிலதான் இவரைத் தொங்கவிட்டேன்."

இடுப்பில் எப்போதும் இருக்கிற கத்தரிக்கோலை எடுத்தார். டீச்சரை வெட்டவிடவில்லை. தம் கையாலேயே இடுப்புப்பட்டையை முதலில் நறுக்கினார், பிறகு தொடைப்பட்டை இரண்டையும். வாழ்நாளில் தைத்ததிலேயே நல்ல தையல் அது. அழுகை வந்தது, அடக்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே, "குறுக்குத் தையலை மட்டும் வெட்ட முடியல பாரு, எவ்வளவு கெட்டி" என்று காட்டினார்.

இடம் மேனேஜருக்குப் போனது. எறிமூட்டையை வீசிக் கயிற்றைக் கிளைக்கு மேல் போட வேண்டும். மேனேஜருடைய விலை உயர்ந்த எறிமூட்டை இரண்டாவது வீச்சிலேயே தையல் விட்டு அவர் ஹெல்மெட் மேலேயே மணலைக் கொட்டியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடமிருந்து தன்னையறியாமல் "ம்ஹும்" வந்தது. எழுந்து தன் மூட்டையை எடுத்து வீசினார். அது ஒரே வீச்சில் கவட்டையைத் தாண்டியது.

மேனேஜர் ஏறினார். ஒரு ஆள் உயரம் போனார். கீழே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. "இறக்குங்க" என்றார். "இதோ சார், கயித்தை மெதுவா" என்று டீச்சர் தொடங்குவதற்குள், "இறக்குங்கன்னு சொல்றேன்ல!" என்று பூங்காவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினார். வேர்வையில் தொப்பலாக நனைந்து தரைக்கு வந்தவர், புல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எனக்கு இது சரிப்படாதுங்க. இதையெல்லாம் யாராவது வாங்கிக்கிட்டா போதும், கொடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவேன்" என்றார்.

அக்கா எழுந்தார். மேனேஜரிடம் போகவில்லை. நேராக நிழலில் நின்ற அவர் காருக்குப் போய் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டின் ஓரத்தில் விரலை விட்டு இழுத்தார். டர்ர் என்று தையல் பிரிந்தது.

"என்னங்க பண்றீங்க என் காரை!"

"சார், முழு வண்டிக்கும் சீட் கவர் நான் போட்டுத் தரேன். எல்லாம் டபுள் தையல். கூலி வேணாம், துணியும் என்னுது. அந்த ஹார்னஸை எனக்குக் குடுத்துடுங்க."

மேனேஜர் பிரிந்த சீட்டைப் பார்த்தார், கழற்றிப் போட்ட ஹார்னஸைப் பார்த்தார். "எறிமூட்டையும் ஒண்ணு தைச்சுக் குடுப்பீங்களா?" என்றார் பழக்கதோஷத்தில்.

"உங்களுக்கு எதுக்கு சார் அது?"

"ஆமா, எதுக்கு?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

டீச்சர் ஹார்னஸை வாங்கி, லேபிளையும் பில்லையும் பார்த்து, பட்டை பட்டையாக மடக்கிப் பார்த்தார். மூன்று வாரம் நின்றது, ஒரு ஆள் உயரம் ஏறியது, அவ்வளவுதான் அதன் சரித்திரம். அதுவும் அவர் கண் முன்னாலேயே நடந்தது. "தெரியாதவங்க போட்டதுன்னா வேணாம்னுதான் சொல்லுவேன். இது பரவாயில்லக்கா" என்றார். அக்காவும் தன் பங்குக்கு ஒவ்வொரு தையலாக இழுத்துப் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பிறகு ஏறினார். ஒரு இழு, ஒரு மூச்சு, ஒரு இழு. இரண்டு ஆள் உயரம் தாண்டியது. மூன்று தாண்டியது. கை எரிந்தது, முதுகு மட்டும் வாயே திறக்கவில்லை. முதல் கவட்டைக்கு வந்து, இரண்டு கிளைக்கும் நடுவில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன்னால் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். மரப்பட்டை கெட்டியாக இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. கீழே எட்டிப் பார்த்தார். எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மட்டும் தட்டவில்லை. இரண்டு கையாலும் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு வேரின் மேல் வலது காலை வைத்து அழுத்தோ அழுத்து என்று அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க! காலை எடுங்க!" என்று மேலேயிருந்து கத்தினார் அக்கா.

"நீ இறங்கு, எடுக்குறேன்!"

அரை மணி நேரம் அக்கா இறங்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, மாஸ்டர் ஏழு மணி கிளாஸுக்குப் போகிற வழியில் கொஞ்சம் நொண்டிக்கொண்டே கடைக்குள் எட்டிப் பார்த்தார். மேனேஜரின் கார் வாசலில் சீட் இல்லாமல் நின்றது. யானை ஓடிக்கொண்டிருந்தது. பலகை பழையபடி உத்தரத்துக் கொக்கியில் தொங்கியது. அடியில் புதுச் சிவப்புப் பெயின்ட்டில், இன்னும் ஈரம் காயாமல், ஒரு வரி கூடியிருந்தது.

இங்கு சீட் பெல்ட் தைத்துத் தரப்படமாட்டாது. எனக்கும்தான்.

மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஸ்கூலுக்குப் போய், கிளாஸ் தொடங்குமுன் அந்த மாணவியைப் பின்சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பெல்ட் இல்லாமல் நின்ற அந்தக் காரைக் காட்டி, "இதைச் சுவத்துல விட்டது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்" என்றார் அந்தப் பெண். "நீங்கதான். அது எல்லாருக்குமே தெரியும்."